சொல் சரி, தொனி பிழை

“நான் இப்ப என்ன பிழையாச் சொல்லிப்போட்டன்?”

வீட்டில் ஒரு வாக்குவாதம் நடந்து, ஒருவர் வாசலிலும் மற்றவர் அடுப்படியிலுமாக முகத்தைத் திருப்பிக்கொண்டு நிற்கும் நேரங்களில் தவறாமல் கேட்கும் வசனம் இது. சொன்ன சொற்களை ஒவ்வொன்றாக எடுத்துப் பார்த்தால் உண்மையில் அவற்றில் ஒரு பிழையும் இராது. “சாப்பாடு போட்டிருக்கு” என்றுதான் மனைவி சொல்லியிருப்பார். “எப்ப வந்தனீங்கள்?” என்றுதான் கேட்டிருப்பார். ஆனால் கணவரின் காதில் அது “வேணுமெண்டால் வந்து தின்” என்றும், “இவ்வளவு நேரமும் எங்க திரிஞ்சனீ?” என்றும் விழுந்திருக்கும். ஒருவர் தான் சொன்ன சொல்லுக்குச் சத்தியம் பண்ணுகிறார். மற்றவர் தான் கேட்ட தொனிக்குச் சாட்சி சொல்கிறார். இருவருமே பொய் சொல்லவில்லை. அதனால்தான் இந்த வழக்கு இலேசில் தீர்வதில்லை.

தொனி என்று நாம் பொதுவாகச் சொல்வதில் பெரும்பங்கு குரலின் ஏற்ற இறக்கமாகும். ஒரு வசனம் மேலே போய் முடிகிறதா, கீழே விழுந்து முடிகிறதா, எந்தச் சொல்லில் அழுத்தம் விழுகிறது, எங்கே இழுபடுகிறது, எங்கே ஒரு கணம் நிற்கிறது என்பதெல்லாம் இதற்குள் அடங்கும். எழுத்தில் இதற்குப் பெரிதாக இடமில்லை. கேள்விக்குறியும் வியப்புக்குறியும் அதன் சிறு நிழல்கள் மட்டுமே.

எங்கள் பேச்சிலுள்ள ‘ஓம்’ என்ற ஒரு சொல்லையே எடுத்துக்கொள்ளுங்கள். குரல் சற்று இறங்கிக் குறுகி முடிந்தால் அது சம்மதம். “ஓ…ம்” என்று இழுத்து அலையவிட்டால், ‘உன்னுடைய கதையை நான் நம்பவில்லை’ என்று பொருள். யாரேனும் கூப்பிடும்போது “ஓம்?” என்று மேலே தூக்கினால், ‘கேட்கிறது, என்ன விஷயம்?’ என்று பொருள். “ஓமோம்” என்று விரைவாக அடுக்கினால், ‘விளங்குது, மேலே சொல்லு’. அதையே மெதுவாகத் தலையாட்டிக்கொண்டு அடுக்கினால், ‘நீ சொல்லித்தான் எனக்குத் தெரிய வேணுமோ?’ பிள்ளைகளுக்கு இதை யாரும் இருத்திவைத்துப் படிப்பிப்பதில்லை. ஆனாலும் கடைக்குக் கூட்டிப்போகும் ‘ஓம்’ எது, சும்மா வாயை அடைப்பதற்காகச் சொல்லும் ‘ஓம்’ எது என்று நாலு வயதுப் பிள்ளைக்கு நன்றாகத் தெரியும்.

தெரியாமல் எப்படி? ஏற்ற இறக்கத்தைப் பிள்ளை வயிற்றுக்குள் இருக்கும்போதே கேட்கத் தொடங்கிவிடுகிறது. 2009ஆம் ஆண்டு ஜேர்மனிய ஆய்வாளர்கள் தலைமையிலான ஒரு குழு, பிறந்து 2 முதல் 5 நாட்களேயான 60 குழந்தைகளின் அழுகையை ஒலிப்பதிவு செய்து ஆராய்ந்தது. பாதிப்பேர் பிரெஞ்சு பேசும் தாய்மாரின் பிள்ளைகள். மறுபாதி ஜேர்மன் பேசும் தாய்மாரின் பிள்ளைகள். பிரெஞ்சுப் பிள்ளைகளின் அழுகை பெரும்பாலும் ஏறி முடிந்தது. ஜேர்மன் பிள்ளைகளின் அழுகை இறங்கி முடிந்தது. அந்தந்த மொழியின் பேச்சும் அப்படித்தான். ஒரு சொல் பேசத் தெரியாத பிள்ளைக்குத் தாயின் மொழியின் ஏற்ற இறக்கம் மட்டும் தெரிந்திருக்கிறது. இவ்வளவு முன்கூட்டியே படிந்துவிடுவதால்தான் எங்களுடைய தொனி எங்களுக்கே கேட்பதில்லை. மற்றவருடையது மட்டும் பளிச்சென்று கேட்கிறது.

எங்கள் பழைய இலக்கணக்காரர் இதன் ஒரு பக்கத்தை நன்றாகப் பிடித்திருக்கிறார்கள். பவணந்தி முனிவரின் நன்னூல் சொல்லும் ஆறு வகை வினாக்களை நம்மில் பலர் பாடசாலையில் மனனம் செய்து, சோதனை முடிந்த கையோடு மறந்திருப்போம். தெரிந்துகொண்டே கேட்பது அறிவினா. தெரியாமல் கேட்பது அறியா வினா. இதுவோ அதுவோ என்று கேட்பது ஐய வினா. ஒன்றை வாங்குவதற்காகக் கேட்பது கொளல் வினா. கொடுப்பதற்காகக் கேட்பது கொடை வினா. ஒரு வேலையைச் செய்விப்பதற்காகக் கேட்பது ஏவல் வினா. இப்போது “உடுப்புத் தோய்ச்சாச்சோ?” என்று மாமியார் கேட்கிறார் என்று வைத்துக்கொள்வோம். வெறுமனே அறிந்துகொள்ளவும் கேட்கலாம். போய்த் தோய் என்று ஏவவும் கேட்கலாம். தோய்க்கவில்லை என்பது தெரிந்துகொண்டே குத்திக்காட்டவும் கேட்கலாம். சொற்களும் ‘ஓ’ என்ற ஈறும் மூன்றிலும் ஒன்றேதான். எது எந்த வினா என்று மருமகளுக்குக் காட்டிக்கொடுப்பது நேரமும் முகமும் குரலும்தான்.

இந்த ஆறில் ‘கொடை வினா’ என்பதை மட்டும் கொஞ்சம் ஞாபகத்தில் வைத்திருங்கள். அந்த வினாவைத் தவறான ஏற்ற இறக்கத்தில் கேட்டதாகச் சொல்லப்பட்டு, ஆசியப் பெண்கள் சிலர் ‘மரியாதை தெரியாதவர்கள்’ என்று பெயர் வாங்கிய கதை ஒன்று உண்டு.

ஒரு கரண்டிக் கிரேவி

பிரித்தானியாவின் பெரிய விமான நிலையம் ஒன்றில் ஊழியர்களுக்கான உணவுச்சாலை இருந்தது. அதில் இந்திய, பாகிஸ்தானியப் பெண்கள் புதிதாக வேலைக்குச் சேர்க்கப்பட்டார்கள். பொதிகள் ஏற்றி இறக்கும் தொழிலாளர்களுக்குச் சாப்பாடு பரிமாறுவது அவர்களுடைய வேலை. சில காலத்துக்குள் முறைப்பாடுகள் வரத் தொடங்கின. ‘இந்தப் பெண்கள் முகம் கொடுப்பதில்லை, வெடுக்கென்று நடந்துகொள்கிறார்கள்’ என்று மேற்பார்வையாளரும் சாப்பிட வந்தவர்களும் சொன்னார்கள். அந்தப் பெண்களோ தாங்கள் பாகுபாடாக நடத்தப்படுவதாக உணர்ந்தார்கள்.

இதை ஆராய்ந்தவர் ஜோன் கம்பேர்ஸ் என்ற அமெரிக்க மொழியியலாளர். 1982இல் வெளிவந்த தனது நூலில் இந்தச் சம்பவத்தை விபரித்திருக்கிறார். அந்தப் பெண்கள் பகல் முழுவதும் வாடிக்கையாளரோடு பேசியது மிகச் சில சொற்கள்தான். அவற்றில் ஒன்று ‘கிரேவி’. இறைச்சி எடுத்த ஒருவரிடம், அதன்மேல் குழம்பு விடவா என்று கேட்க வேண்டும். ஆங்கிலேயப் பெண் ஒருவர் “கிரேவி?” என்று குரலை மேலே ஏற்றிக் கேட்பார். எங்கள் பக்கத்துப் பெண்கள் “கிரேவி.” என்று குரலை இறக்கிக் கேட்டார்கள். சொல் ஒன்று, வேலையும் ஒன்று. ஆனால் ஆங்கிலேயரின் காதுக்கு, இறங்கி முடிந்த அந்தச் சொல் ஒரு கேள்வியாகவே படவில்லை. ‘இது கிரேவி, வேண்டுமானால் எடு’ என்று சொன்னது போலப் பட்டது.

இரு தரப்பாரும் பேசுவது ஒலிப்பதிவு செய்யப்பட்டு, அந்தப் பெண்களுக்குப் போட்டுக் காட்டப்பட்டது. இரண்டுக்கும் என்ன வித்தியாசம் என்று கேட்டபோது, ஒரு வித்தியாசமும் இல்லை என்றார்கள். அவர்களின் ஆங்கில ஆசிரியையும் மேற்பார்வையாளரும் எடுத்துச் சொன்ன பிறகுதான் விஷயம் விளங்கியது. விளங்கியதும், ஆங்கிலேயர் பேசும்போது தங்களுக்கு விசித்திரமாகப் பட்ட ஏற்ற இறக்கங்கள் சிலவற்றை அவர்களாகவே ஞாபகப்படுத்திச் சொன்னார்கள். மேற்பார்வையாளருக்கும் ஒரு பாடம் கிடைத்தது. குரலை இறக்கிக் கேட்பது அந்தப் பெண்களின் இயல்பான கேள்வி முறை, அதில் அவமரியாதை எதுவும் இல்லை என்பதை அவர் அறிந்துகொண்டார். பிறகு நிலைமை சீரடைந்தது என்று கம்பேர்ஸ் எழுதுகிறார்.

இந்த ஆய்வுகளின் அடிப்படையில் 1979இல் பீபீசி தொலைக்காட்சிக்கு ஒரு நிகழ்ச்சியும் தயாரிக்கப்பட்டது. அது பல நாடுகளில் பயிற்சி வகுப்புகளில் காட்டப்பட்டது. அதைக் கடுமையாக விமர்சித்தவர்களுள் ஒருவர் எங்கள் நாட்டவர். பேராதனைப் பல்கலைக்கழகத்தில் ஆங்கிலம் கற்பித்த திரு கந்தையா 1991இல் எழுதிய ஆய்வுக் கட்டுரையில் இதைப் பற்றி விரிவாகப் பேசினார். அவருடைய வாதத்தின் சாரம் இதுதான். வேலை கொடுப்பவனுக்கும் குடியேறி வந்த தொழிலாளிக்கும் இடையில் இருப்பது அதிகார வித்தியாசம். நிறவெறி அங்கே உண்மையான பிரச்சினை. அவற்றை விட்டுவிட்டுத் தொனி, பேச்சு முறை என்று பேசுவது நோயை விட்டு நோயின் அறிகுறிக்கு மருந்து கட்டுவது போன்றது.

என்னைக் கேட்டால் கந்தையா சொல்வதை ஒதுக்கிவிட முடியாது. தொனியைத் திருத்திக்கொள்ள வேண்டியவர் யார் என்ற கேள்வி எப்போதும் பலம் குறைந்தவர் தலையிலேயே வந்து விழுகிறது. பெண்ணுக்கு ‘பக்குவமாகக் கதை’ என்று ஆயிரம் பேர் புத்தி சொல்வார்கள். ஆணுக்கு யார் சொல்கிறார்கள்? எனவே, அடிக்கிற கணவனிடம் தொனியை மாற்றிப் பேசினால் அடி நின்றுவிடும் என்று யாராவது உங்களுக்குச் சொன்னால் நம்ப வேண்டாம். அது விளங்காமையால் வருகிற பிரச்சினை இல்லை. அதற்குப் போக வேண்டிய இடங்கள் வேறு. தமிழ் இந்த நாட்டில் 1987ஆம் ஆண்டின் 13ஆவது திருத்தத்தின்படி ஆட்சிமொழியும் ஆகும். அரச அலுவலகம் ஒன்றில் உங்கள் மொழியில் பதில் கிடைக்கவில்லை என்றால் அதுவும் தொனிப் பிரச்சினை ஆகாது.

ஆனால் உணவுச்சாலையில் நடந்ததும் உண்மைதான். இரு தரப்பிலும் கெட்ட எண்ணம் இல்லாதபோது, ஒரு சொல்லின் வால் மேலே போனதா கீழே போனதா என்பதில் உறவுகள் முறிந்துபோவதை நாம் எல்லோரும் கண்டிருக்கிறோம். அப்படிப்பட்ட இடங்களைப் பற்றித்தான் இங்கே பேசுகிறோம்.

‘ஆ?’

பிழையாக விளங்கிக்கொள்வது ஒரு குறைபாடு என்றும், படிப்பறிவு குறைந்தவர்களுக்கே அது நேர்கிறது என்றும் பலர் நினைக்கிறார்கள். 2015இல் 12 மொழிகளின் அன்றாடப் பேச்சை ஒலி, ஒளிப்பதிவு செய்து ஆராய்ந்த ஒரு குழு வேறு விதமாகச் சொல்கிறது. எந்த மொழியானாலும் சராசரியாக ஏறத்தாழ ஒன்றரை நிமிடத்துக்கு ஒரு தடவை ஒருவர் மற்றவரை நிறுத்தி, ‘என்ன?’, ‘யார்?’, ‘அதையா சொல்கிறாய்?’ என்று ஏதோ ஒன்றைச் சரிபார்த்துக்கொள்கிறாராம். ஒன்றரை நிமிடம் என்பது ஒரு தேத்தண்ணி ஆற்றும் நேரம். அதற்குள் ஒரு தடவை நமது பேச்சு அறுகிறது, நாமே முடிந்துகொள்கிறோம்.

அதே குழுவைச் சேர்ந்த சிலர் இரண்டு வருடங்களுக்கு முன் இன்னொரு வேலை செய்திருந்தார்கள். மற்றவர் சொன்னது காதில் விழாதபோது நாம் “ஆ?” என்கிறோம் அல்லவா? அந்தச் சிறு ஒலியை உலகின் 31 மொழிகளில் தேடிப் பார்த்தார்கள். ஒன்றோடொன்று உறவில்லாத மொழிகளில்கூட அது ஏறக்குறைய ஒரே மாதிரி இருந்தது. பெரும்பாலான மொழிகளில் குரல் ஏறி முடிந்தது. ஐஸ்லாந்து மொழி போன்ற சிலவற்றில் மட்டும் இறங்கி முடிந்தது. முதலில் சிரிக்கவும் பிறகு யோசிக்கவும் வைக்கும் ஆய்வுகளுக்கென்று அமெரிக்காவில் வேடிக்கையாக ஒரு நோபல் பரிசு கொடுப்பார்கள். 2015இல் இந்த ஆய்வு அதைப் பெற்றது. எங்கள் ‘ஆ?’வும் அதன் உடன்பிறப்புத்தான்.

இந்த இடத்தில்தான் ஏற்ற இறக்கத்துக்குப் பெரிய வேலை இருக்கிறது. ‘என்ன?’ என்ற சொல்லை மெல்ல மேலே ஏற்றினால், ‘கேட்கவில்லை, இன்னொருக்காச் சொல்லுங்கோ’ என்று பொருள். “என்…ன?” என்று இழுத்தால், ‘நம்ப முடியவில்லையே’ என்று பொருள். வெட்டி இறக்கினால் சண்டைக்கு அழைப்பு. பேச்சைச் சீராக்குவதற்காக இருக்கும் சொல்லே, ஏற்றம் தவறினால் அதைக் குலைத்துவிடுகிறது. களைத்துப்போய் இருக்கும் நேரத்தில், ஒரு கையில் பிள்ளையும் மறு கையில் அகப்பையுமாக நிற்கும்போது, வாயில் வருவது பெரும்பாலும் வெட்டி விழும் ‘என்ன’தான். வயது போன தாய் தகப்பனிடம் “என்னணை?” என்று கேட்கும் பழக்கம் எங்கள் ஊர்களில் இருப்பது நல்ல பாதுகாப்பு. அந்த ‘அணை’ ஒட்டிக்கொண்டால் தொனி எப்படி இருந்தாலும் உறவு நினைவுக்கு வந்துவிடும்.

12 மொழி ஆய்வு இன்னொன்றையும் கண்டது. மனிதர்கள் கூடியவரை குறிப்பாகக் கேட்கிறார்கள். ஒன்றுமே கேட்காவிட்டால்தான் ‘ஆ?’. பாதி கேட்டிருந்தால், “எத்தினை மணிக்கெண்டு?” என்று விடுபட்ட துண்டை மட்டும் கேட்கிறார்கள். ஏறக்குறைய விளங்கியிருந்தால், “பத்து மணிக்கோ?” என்று தாம் விளங்கிக்கொண்டதைச் சொல்லிச் சரிபார்க்கிறார்கள். குறிப்பாகக் கேட்கும்போது சொன்னவருக்கு வேலை குறைவு. ‘நான் கவனமாகத்தான் கேட்டுக்கொண்டிருந்தேன்’ என்ற மரியாதையும் அதற்குள் இருக்கிறது.

இது கந்தோர்களில் பெரிதும் உதவும். பிரதேச செயலகத்திலோ வைத்தியசாலையிலோ, கண்ணாடிக்கு அப்பால் இருந்து ஒருவர் விரைவாகச் சொல்லிக்கொண்டு போகிறார். விளங்கவில்லை. திருப்பிக் கேட்டால் ஏசுவாரோ என்ற பயத்தில் பலர் இறங்கிய குரலில் “ஓம்” என்று சொல்லிவிட்டு வந்துவிடுகிறார்கள். வீட்டுக்கு வந்த பிறகுதான், போக வேண்டியது செவ்வாயா வியாழனா என்ற யோசனை வருகிறது. பஸ் காசும் ஒரு நாள் கூலியும் போய்விடும். காணாமற்போனவரின் கோவையோ காணிக் கோவையோ என்றால் இன்னும் பல மாதம் இழுபடலாம். அந்த இடத்தில் வெறுமனே “என்ன?” என்று கேட்பதைவிட, “ஐயா, வியாழக்கிழமையோ? அடையாள அட்டையோட பிள்ளையின்ர பிறப்புப் பத்திரமுமோ?” என்று கேளுங்கள். ‘ஓ’ என்ற ஈறு கேள்வியைக் கேள்வியாகவே காட்டிவிடும். அவர் சொல்ல வேண்டியது “ஓம்” அல்லது “இல்லை, செவ்வாய்” என்ற ஒரு சொல்தான். ‘செவ்வாய்’ என்பதை அவர் அழுத்திச் சொன்னால் நாம் பிழையாகப் பிடித்த துண்டு அதுதான் என்பது தெளிவாகிவிடும்.

சிங்களத்தில் கதைக்க வேண்டி வரும்போதும் இந்த உபாயம் செல்லும். சிங்களம் குறைவாகத் தெரிந்தவர்கள் ஒற்றைச் சொல்லாகச் சொல்வார்கள். அது எந்த மொழியிலும் கட்டளை போலவே ஒலிக்கும். எங்கள் ‘ஓ’வைப் போலச் சிங்களத்தில் ‘த’ என்ற வினா ஈறு உண்டு. “தென்ன” (தாருங்கள்) என்று விடாமல், “தென்ன புளுவன்த?” (தர முடியுமா?) என்று சொல்லிப் பழகினால் நல்லது. குரல் எந்தப் பக்கம் போனாலும், கேட்பவருக்கு அது ஒரு வேண்டுகோள் என்பது விளங்கும்.

திருத்துவதிலும் இதே கதைதான். உரையாடலை ஆராய்ந்த ஷெக்லொவ், ஜெபர்சன், சாக்ஸ் என்ற மூவர் 1977இல் ஒன்றைக் காட்டினார்கள். ஒருவர் பிழையாகச் சொன்னால், மற்றவர்கள் உடனே பாய்ந்து திருத்துவதில்லை. அவரே திருத்திக்கொள்வதற்கு ஒரு சிறு இடைவெளி விடுகிறார்கள். திருத்தினாலும் பெரும்பாலும் கேள்வி போல, சந்தேகம் போலத் திருத்துகிறார்கள். வீட்டுக்கு வந்த ஒருவருக்குக் கணவர், “நாங்கள் கிளிநொச்சியால வெளிக்கிட்டது 2008 ஆவணியில” என்று சொல்லிக்கொண்டிருக்கிறார். அது புரட்டாதி என்று மனைவிக்கு நினைவு. “ஆவணியோ?” என்று குரலை ஏற்றிக் கேட்டால், “ஓ, இல்லை, புரட்டாதி” என்று அவரே திருத்திக்கொண்டு கதையைத் தொடர்வார். “ஆவணி இல்லை, புரட்டாதி” என்று இறக்கிச் சொன்னால் அவர் வாயை மூடிக்கொள்வார், அல்லது சண்டை பிடிப்பார். இதைப் பெண்கள் மட்டும் கடைப்பிடிக்க வேண்டும் என்று நான் சொல்லவில்லை. கணவன்மாரும் பிள்ளைகளின் முன்னால் மனைவியைத் திருத்தும்போது இதைப் பழகினால் நல்லது. இந்தப் பக்கத்தை அவர்களின் கண்ணில் படும்படி வைத்துவிடுங்கள்.

போர் விட்டுப்போன குரல்கள்

எங்கள் வீடுகளில் இன்னொரு சங்கதியும் சேர்ந்திருக்கிறது. போர் 2009இல் முடிந்தது. அது பழுதாக்கிய குரல்களும் காதுகளும் இன்னும் எங்களோடு இருக்கின்றன.

ஆழ்ந்த துக்கத்திலும் மனச்சோர்விலும் இருப்பவர்களின் பேச்சு மெதுவாகி, தாழ்ந்து, ஏற்ற இறக்கமில்லாமல் தட்டையாகிவிடுவதை மனநல வைத்தியர்கள் நன்கு அறிவார்கள். நோயை மதிப்பிடும்போது அவர்கள் கவனிக்கும் விஷயங்களில் அதுவும் ஒன்று. ஆனால் வீட்டிலுள்ளவர்களுக்கு அது தெரிவதில்லை. பிள்ளை பாடசாலையால் ஓடிவந்து, “அம்மா, நான் முதலாம் பிள்ளை!” என்கிறது. “நல்லது” என்று தாய் சொல்கிறாள். சொல் சரியானது. ஆனால் அந்தச் சொல்லை மேலே தூக்கிவிட அவளிடம் தெம்பில்லை. பிள்ளைக்கு அது ‘அம்மாவுக்கு என்னில் விருப்பமில்லை’ என்று விளங்குகிறது. கணவன் என்றால் கோபம் என்று நினைக்கிறான். மாமியார் என்றால் திமிர் என்கிறாள்.

குரல் ஒத்துழைக்காதபோது சொல்லைத்தான் துணைக்குக் கூப்பிட வேண்டும். “அம்மாவுக்கு உன்னில கோவமில்லை குஞ்சு, எனக்குக் களைப்பு. ஆனா சரியான சந்தோசம்” என்று வாய்விட்டுச் சொல்லுங்கள். ஆரம்பத்தில் நாடகம் போல இருக்கும். பரவாயில்லை. பிள்ளைக்குத் தேவை அந்தத் தகவல். இந்தத் தட்டையான குரலோடு நித்திரையின்மை, பசியின்மை, ஒன்றிலும் பிடிப்பில்லாமை என்பனவும் வாரக்கணக்காகத் தொடர்ந்தால் அதைத் தொனி என்று விட்டுவிடாதீர்கள். அருகிலுள்ள அரச வைத்தியசாலையின் மனநலப் பிரிவுக்குப் போகலாம். தேசிய மனநல உதவி இலக்கமான 1926க்கு அழைக்கலாம்.

ஷெல்லும் கிபிரும் பழக்கிய உடம்புகள் திடீரென்று உயரும் குரலுக்குத் திடுக்கிடுகின்றன. பின்னால் நின்று “இஞ்ச!” என்று கத்திக் கூப்பிட்டால், கூப்பிட்டவர் யார் என்று மூளை அறிவதற்கு முன் உடம்பு பயந்துவிடும். பயந்தவர் கோபமாகப் பதில் சொல்வார். அப்படியானவர்களை முதலில் பெயரையோ முறையையோ சொல்லி மெல்லக் கூப்பிட்டு, அவர் திரும்பிப் பார்த்த பிறகு விஷயத்தைச் சொல்வது இரண்டு பேருக்கும் நல்லது.

காது பாதிக்கப்பட்டவர்களின் கதை எனக்கு மிக முக்கியமாகப் படுகிறது. ஏனென்றால் இதில் நாங்கள் செய்வது பெரும்பாலும் நேர்மாறானது. வெடிச்சத்தத்தால் காது பழுதடையும்போது பொதுவாக முதலில் போவது உயர்ந்த, மெல்லிய ஒலிகளைப் பிடிக்கும் திறன். சொல்லுக்குச் சொல் வித்தியாசம் காட்டும் மெய்யொலிகளின் கூர்மை அந்தப் பகுதியில்தான் அதிகம். கட்டு, தட்டு, பட்டு மூன்றும் அவருக்கு ஒன்றுபோலவே கேட்கலாம். ஆனால் உயிரொலிகளும் குரலின் ஏற்ற இறக்கமும் தாழ்ந்த பகுதியில் இருப்பதால் அவை இன்னமும் கேட்கும். “நீ கதைக்கிறது கேக்குது, என்ன சொல்லுறாயெண்டு விளங்கேல்லை” என்று அவர் சொல்வது சாட்டு இல்லை.

இப்போது நாங்கள் என்ன செய்கிறோம்? ஒரு தரம் சொல்கிறோம். அவர் “ஆ?” என்கிறார். அதே சொல்லைச் சத்தமாகச் சொல்கிறோம். மறுபடி “ஆ?” மூன்றாம் தரம் கத்துகிறோம். கத்தும்போது குரல் ஏறி, வெட்டி, கோபத்தின் தொனியை எடுத்துவிடும். சொல் முதல் தடவையைப் போலவே அவரைப் போய்ச் சேராது. கோபம் மட்டும் முழுதாகப் போய்ச் சேரும். “ஏன் இப்ப ஏசுறாய்?” என்று அவர் கேட்பார். அரிசி முடிந்துவிட்டது என்று சொல்ல வந்தது ஒரு சண்டையில் முடியும்.

கத்துவதை விட, அவர் முகம் பார்க்கும்படி முன்னால் போய் நின்று, வெளிச்சத்தில், சாதாரணச் சத்தத்தில், சற்று மெதுவாகச் சொல்லலாம். அதே வசனத்தைத் திருப்பாமல் வேறு சொற்களில் சொல்லலாம். “அரிசி முடிஞ்சுது” விளங்காவிட்டால், “சோறு சமைக்க ஒண்டுமில்லை, சங்கக்கடைக்குப் போக வேணும்” என்று சொல்லிப் பாருங்கள். கைச்சாடையும் சேருங்கள். காது பாதிக்கப்பட்டவரும் வெறும் ‘ஆ?’வோடு நிற்காமல், “என்ன முடிஞ்சதெண்டு?” என்று விடுபட்ட துண்டைக் கேட்டால் மற்றவரின் பொறுமை மிஞ்சும். காதுப் பரிசோதனை செய்துகொள்வதற்கு இத்தனை வருடம் கழித்தும் பிந்தவில்லை.

குரல் ஒரு மாதிரி

இப்போது எங்கள் பேச்சில் பெரும்பங்கு கைத்தொலைபேசியில் நடக்கிறது. எழுதி அனுப்பும் செய்தியில் தொனியே இல்லை. “சரி” என்று மகன் எழுதினால் அது சம்மதமா சலிப்பா என்று கண்டுபிடிக்க முடியாது. வாசிப்பவர் தன்னுடைய அன்றைய மனநிலையின் தொனியை அதில் ஏற்றி வாசிப்பார். காசு விடயம், கலியாண விடயம், மனத்தாங்கல் இவற்றையெல்லாம் எழுதி அனுப்புவதை விடக் குரல்பதிவாக அனுப்புவது பாதுகாப்பானது. எழுத வாசிக்கத் தயங்குபவர்களுக்கு அது இன்னும் வசதி.

மாறாக, அழைப்பில் முகம் இல்லாவிட்டாலும் குரலின் ஏற்ற இறக்கம் சேதமில்லாமல் வந்து சேரும். தொலைபேசியில் கரகரத்துத் தொலைவது மெய்யொலிகள்தான். ஆகவே இலக்கங்களையும் பெயர்களையும் திருப்பிச் சொல்லிச் சரிபார்க்க வேண்டும். வெளிநாட்டில் வீட்டு வேலைக்குப் போன மகள், “நான் நல்லா இருக்கிறன் அம்மா” என்கிறாள். “ஏன் பிள்ளை, குரல் ஒரு மாதிரி இருக்கு?” என்று தாய் கேட்கிறாள். இலக்கணம் படிக்காத தாய்மாரும் ஏற்ற இறக்கத்துக்கு வைத்திருக்கும் பெயர் அந்த ‘ஒரு மாதிரி’.

ஆனால் அந்தக் கேள்விக்கு மகளால் பதில் சொல்ல முடியாமல் இருக்கலாம். பக்கத்தில் வீட்டு எசமானி நிற்கலாம். தமிழ் விளங்காவிட்டாலும் அழுகைத் தொனி எவருக்கும் விளங்கும் என்பது மகளுக்குத் தெரியும். அதனால் குரலை நேராக வைத்துக்கொண்டுதான் பேசுவாள். அந்த நேரத்தில், “என்ன நடந்தது, சொல்லு, சொல்லு” என்று நெருக்க வேண்டாம். உங்கள் குரலையும் சாதாரணமாக வைத்துக்கொண்டு, ஓம், இல்லை என்று மட்டும் பதில் சொல்லக்கூடிய கேள்விகளாகக் கேளுங்கள். “பக்கத்தில ஆரும் நிக்கினமோ?” “சம்பளம் தந்தவையோ?” “அடிச்சவையோ?” “அறிவிக்கட்டோ?” போவதற்கு முன்பே தாயும் மகளும் இதைப் பேசி வைத்திருப்பது இன்னும் நல்லது. ‘ஆச்சி சுகமோ?’ என்று அவள் கேட்டால் ஆபத்து என்று பொருள் என்பது போல ஒரு அடையாளச் சொல்லையும் முடிவு செய்யலாம். அவள் “ஓம்” என்று சொன்னால், வெளிநாட்டு வேலைவாய்ப்புப் பணியகத்தின் 1989 இலக்கத்துக்கு அழைத்து முறைப்பாட்டைப் பதியுங்கள். மகளின் கடவுச்சீட்டுப் பிரதியையும், வேலை செய்யும் வீட்டின் முகவரியையும், அனுப்பிய முகவரின் பெயரையும் கையில் வைத்துக்கொண்டு பேசுங்கள். மறுமுனையில் இருப்பவர் முறைப்பாட்டு இலக்கத்தைச் சொன்னதும், ஒவ்வொரு இலக்கமாகத் திருப்பிச் சொல்லி, “இதுதானோ?” என்று கேட்டு எழுதிக்கொள்ளுங்கள்.